பூக்கன்றுக்கு ஊற்றுகிற தண்ணீர்

வணக்கம் அக்கா,

நீங்கள் எழுதுவதை நெடுநாளாக வாசிக்கிறேன், உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் போட வேண்டாம். திருகோணமலை டவுனுக்குள், கோட்டைப் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். முன்னுக்குச் சின்ன முற்றம், பின்னுக்குக் கிணறு. எனக்குப் பூக்கன்று என்றால் உயிர். ஆனால் இவர் ஒவ்வொரு நாளும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார். கூடாத மனிசன் இல்லை அக்கா, ஆனால் பூ வயிற்றை நிரப்புமா, அந்த இடத்தில் மிளகாயும் பூசணியும் போட்டால் என்ன என்று கேட்கிறார். ஆடி ஆவணியில் கிணறு உவர்த்துப் போகிறது, குழாய்த் தண்ணீருக்குக் காசு, அதைப் பூவுக்கு ஊற்றுகிறாயே என்கிறார். போன மாதம் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சாடிகளுக்குக் கீழே இருந்த தட்டுகளைக் காட்டி டெங்கு என்று ஏசிவிட்டுப் போனார். மிச்சம் இருந்ததை இரவில் மான் வந்து மொட்டையடித்துவிட்டது. பூக்கன்று காற்றைச் சுத்தமாக்கும், உடம்புக்கு நல்லது என்று எங்கேயோ வாசித்ததை இவரிடம் சொன்னேன், சிரித்தார். உண்மையில் இதனால் என்ன பிரயோசனம் என்று நீங்கள் ஒருக்கால் எழுதினால் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

இன்னொன்று. அம்மா போன வருடம் தவறிவிட்டார். தம்பலகாமத்தில் அம்மா இருந்த வளவை விற்கப் பேசியாயிற்று, தீபாவளிக்கு முதல் கைமாறிவிடும். அவர் வைத்த பூமரங்கள் எல்லாம் அங்கே நிற்கின்றன.

அன்புடன்,
ஒரு தங்கை

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், கடைசி இரண்டு வரியைப் பிறகும் ஒரு தரம். அதற்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் கேட்டவற்றில் அதுதான் அவசரம், அதை நீங்கள் ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

முதலில் உங்கள் அவர் கேட்டது. பூ வயிற்றை நிரப்புமா என்பது நியாயமான கேள்விதான். 2022இல் நானும் இதே கேள்வியைக் கேட்டு, என் மல்லிகைப் பாத்தியைக் கையாலேயே கிண்டி எறிந்துவிட்டு மரவள்ளித் தடி நட்டவள். அந்த வருடத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள். மரவள்ளி நட்டதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. கிழங்கு வந்தது, அவித்துச் சாப்பிட்டோம், மல்லிகை பிறகு திரும்பி வந்தது. ஆனால் படலையடியில் நின்ற செவ்வரத்தையை மட்டும் வெட்டவில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு ஆள் வருவார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். விடிய ஐந்தரைக்கு ஒரு கொக்கத்தடியும் ஒரு ஓலைக் குடலையுமாக வந்து மதிலுக்கு வெளியே நின்று, "பிள்ளை, பறிக்கட்டே?" என்று ஒரு சத்தம் கொடுப்பார். கேட்காமலே பறிக்கலாம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்பார். காளி கோயிலுக்குப் போகிற வழியில் ஐந்து பூ எடுப்பார், மரத்தில் எப்போதும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் எடுப்பார். 2022இல், ஆடி மாதமாக இருக்க வேண்டும், ஒரு விடியற்காலை அவருக்குக் கதவைத் திறக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த நாட்களில் ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. முன்னர் என்றால் ஒரு சுண்டு அரிசி, கொஞ்சம் சீனி, ஒரு தேங்காய்ப் பாதி என்று கைமாறும். அப்போது கேட்கவே எல்லாருக்கும் கூச்சம், கொடுக்கிறவரிடமும் இல்லை. என்னிடம் மட்டும் கொடுக்க ஐந்து பூ இருந்தது, அதுவும் ஒவ்வொரு விடியலிலும் புதிதாக. வாங்கிக்கொண்டு போகிறவர் கடன்பட்ட மாதிரித் தலைகுனியவும் தேவையில்லை.

எனக்குப் பூந்தோட்டத்தைப் பற்றிச் சொல்ல இருப்பது உண்மையில் இது ஒன்றுதான். பூசணி காய்த்தால் முதலில் நம்முடைய சட்டிக்கு, பிறகுதான் மற்றவருக்கு. பூ அப்படியில்லை, பூக்கும்போதே அது இன்னொருவருக்கு என்று ஆகிவிடுகிறது, சாமிக்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலைக்கோ, செத்த வீட்டுக்கோ. கையில் காசு இல்லாத நாளிலும் அந்த வீட்டில் கொடுக்க ஏதாவது இருக்கும். எங்கள் வீட்டு வெள்ளைத் தேமா மரத்துக்குப் போயா தினத்தன்று பின்வீட்டுச் சிங்கள அம்மா வருவார், பன்சலைக்கு, அவர்களுடைய விகாரைக்கு, ஒரு தட்டு நிறையக் கொண்டுபோவார், அதே மரத்துப் பூதான் எங்கள் சாமித் தட்டிலும். அந்தப் பக்கம் கிண்ணியாவில் கட்டிக்கொடுத்திருக்கும் ஒரு சிநேகிதி வரும்போதெல்லாம் ஆட்டெரு ஒரு பை கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பிப் போகும்போது மல்லிகை மொட்டை ஒரு பேப்பரில் சுருட்டிக்கொண்டு போவாள். இந்த ஊரில் எவ்வளவோ நடந்து முடிந்திருக்கிறது, நீங்களும் கண்டிருப்பீர்கள். கதவைத் தட்ட ஒரு காரணம் வேண்டியிருந்த காலங்களில் எங்கள் தெருவில் அந்தக் காரணம் பலமுறை ஒரு பூவாகத்தான் இருந்தது.

சரி, உடம்புக்கு நல்லதா என்று கேட்டீர்கள். காற்றைச் சுத்தமாக்கும் என்ற கதையை உங்கள் அவரிடம் இனிச் சொல்ல வேண்டாம், அதில் அவர் சிரித்தது சரி. 1989இல் நாசா ஒரு பரிசோதனை செய்தது, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் ஒரு கன்றை வைத்து, நச்சு வாயு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள், குறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சனம் வீட்டுக்குள் நாலு சாடி வைத்தால் போதும் என்று எழுதத் தொடங்கிவிட்டது. யன்னல் திறந்திருக்கிற ஒரு வீட்டில், அதுவும் நாள் முழுக்கக் கடல்காற்று அடிக்கிற நம்முடைய வீட்டில், காற்றே அந்த வேலையைச் செய்துவிடும், கன்று செய்வது கணக்கிலேயே வராது.

மனதுக்கு நல்லது என்பது வேறு விஷயம், அதற்கு ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் செய்து 2011இல் வெளியான ஒரு ஆய்வில், முப்பது தோட்டக்காரர்களை எடுத்து, எல்லோருக்கும் முதலில் மனதை நெருக்குகிற ஒரு வேலையைக் கொடுத்து, பிறகு பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்யவும் மற்றப் பாதியை உள்ளே இருந்து வாசிக்கவும் விட்டார்கள். மன நெருக்கடியில் உடம்பில் கூடுகிற கோர்ட்டிசோல் என்ற சுரப்பு இரண்டு பகுதியாருக்கும் குறைந்தது, ஆனால் மண்ணில் கைவைத்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது, குழம்பியிருந்த மனமும் அவர்களுக்குத்தான் பழைய நிலைக்கு வந்தது. முப்பது பேர் என்பது சின்னக் கணக்குத்தான். ஆனால் விடிய எழும்பி வாளியோடு முற்றத்தில் இறங்குகிற எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், அதையேதான் சொல்வாள்.

எனக்கு அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். செவ்வரத்தைப் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். முதல் நாள் பின்னேரம் பார்த்தால் மொட்டு குடையை மடக்கிச் சுருட்டின மாதிரி இறுகி இருக்கும், நுனியில் மட்டும் சிவப்புத் தெரியும். விடிய அது ஒரு பக்கம் தளர்ந்து, இதழின் விளிம்பில் சுருட்டிய தடம் இன்னும் மறையாமல் இருக்கிறபோதே தேன்சிட்டு வந்துவிடும். அது முன்னால் வராது, பூவின் அடியில், பச்சைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சொண்டால் ஒரு ஓட்டை போட்டுக் குடித்துவிட்டுப் போய்விடும். இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மூன்று நிமிடத்தில் வீட்டுக் கடன், பிள்ளையின் சோதனை, முந்தின நாள் யாரோ சொன்ன சொல், ஒன்றும் தலைக்குள் இல்லை. இல்லாமல் செய்ய வேண்டும் என்று முயன்றால் போகாது, பூவைப் பார்க்கிறபோது தானாகப் போகிறது. அம்மா இல்லாத முதல் வருடம் உங்களுக்கு. உங்களுக்கு அந்த மூன்று நிமிடம் வேண்டும்.

பூசணி பற்றி இன்னும் ஒன்று, இதை அவருக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். பூசணியிலும் பாகலிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று முதலிலேயே இருக்கும், ஆனால் ஆண் பூவின் மகரந்தத்தை யாராவது கொண்டுவந்து சேர்க்காவிட்டால் அது நாலு நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். பூசணிப் பூ விடிய விரிந்து பத்து மணி போலச் சுருங்கிவிடுகிறது, அதற்குள் தேனீ வர வேண்டும். தேனீ ஒரு பூசணிக்கொடியை நம்பி ஒரு வளவுக்கு வராது, வருடம் முழுக்க ஏதாவது பூத்துக்கொண்டிருக்கிற வளவைத்தான் அது ஞாபகம் வைத்திருக்கும். ஆகவே மிளகாயும் பூசணியும் போடட்டும், நல்லது, வேலி ஓரம் முழுக்க உங்களுக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். சங்குப்பூவை வேலியில் ஏற்றுங்கள், அது அவரைக் குடும்பம், தன் வேரில் நைதரசனைப் பிடித்து வைத்து மண்ணுக்கும் கொஞ்சம் கொடுக்கும்.

தண்ணீர்தான் உண்மையான பிரச்சினை, அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும், அதற்குப் பிறகு ஏதாவது விழுந்தால் அதிர்ஷ்டம். கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் ஆவியாகிவிடும், கடலுக்குப் பக்கத்துக் கிணறும் கீழே போகப் போக உவர்க்கும். இந்த நிலத்தில் ரோசாவுக்கும் அந்தூரியத்துக்கும் ஆசைப்பட்டுக் காசையும் தண்ணீரையும் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. குளிருக்கும் ஈரத்துக்கும் உரியதை அந்த ஊர்களிலேயே விடுங்கள். நம்முடைய மணலுக்கும் உப்புக்கும் காற்றுக்கும் என்று கன்றுகள் இருக்கின்றன. போகன்விலா தண்ணீர் குறையக் குறையத்தான் கூடப் பூக்கும், நிறைய ஊற்றினால் இலையாகத் தள்ளும். தேமா வெயிலில் இலையை உதிர்த்துவிட்டு வெறும் தடியாக நின்றே பூப்பூக்கும். நந்தியாவட்டை, செவ்வரத்தை, பத்துமணிப்பூ எல்லாம் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் தாக்குப்பிடிக்கும்.

பட்டிப்பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, சுடலையிலும் ரோட்டுக்கரையிலும் முளைக்கிறது என்று பிடுங்கி எறிகிறார்கள். 2004 மார்கழியில் கடல் வந்தபோது கரையோரமாக இருந்த என் சின்னம்மாவின் வளவு முழுக்க உப்புத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம், முற்றத்தில் இருந்த எல்லாம் வாட்டி எடுத்த மாதிரிக் கருகிக் கிடந்தது, மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. மழை பெய்து மணல் வழியே அந்த உப்புக் கீழே இறங்கிய பிறகு, யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், இடிந்த மதில் கல்லுகளுக்கு நடுவே முதலில் முளைத்தது பட்டிப்பூ. அந்த ஊதாப் பூவைச் சின்னம்மா குனிந்து தொட்டுப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று கண்டேன். அதுவரைக்கும் அழாத மனிசி. அந்தச் சின்னக் கன்றில் இருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்தை எடுத்தார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் உலகம் முழுக்கக் கொடுக்கிற மருந்து. (அதற்காக வீட்டில் யாரும் அவித்துக் குடிக்கக் கூடாது, அது நஞ்சு. ஆஸ்பத்திரியில் அளந்து கொடுக்கிறபோதுதான் மருந்து.) எங்கள் முற்றத்தில் வெள்ளையும் ஊதாவும் இரண்டும் நிற்கின்றன, பிடுங்க நான் யாரையும் விடுவதில்லை.

தண்ணீரை மிச்சப்படுத்த ஒரு வழி, தென்னையுள்ள ஊரில் இருக்கிற நமக்குச் செலவே இல்லாதது. பொச்சுமட்டையை ஒரு இரவு ஊறவைத்து, கன்று நடுகிற குழியில் இரண்டு அடுக்காக, தும்புப் பக்கம் மேலே பார்க்க வைத்து, அதன்மேல் மண்ணும் எருவும் போட்டு நடுங்கள். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும், ஒவ்வொரு நாளும் ஊற்றியதை நான் ஆடியில் மூன்று நாளைக்கு ஒருமுறை என்று குறைத்தது இதனால்தான். அரிசி கழுவிய தண்ணீர், உடுப்பின் கடைசி அலம்பல், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் கன்றுக்கே போகட்டும். மீன் தண்ணீரை ஊற்றினால் மேலே ஒரு பிடி மண் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் பூனை வந்து முழுதையும் கிண்டிவிடும். உவர்த்த கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்றால் இலையில் படாமல் அடியில் மட்டும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல் ஒரேயடியாக நிறைய ஊற்றுங்கள், அப்போதுதான் உப்பு வேரடியில் தங்காமல் கீழே இறங்கும். குழாயைத் திறக்க வேண்டிய தேவை எனக்கு வருடத்தில் மிகச் சில நாட்கள்தான் வருகிறது.

டெங்கு விஷயத்தில் பீ.எச்.ஐ. ஏசியது முழுக்கச் சரி, கோபிக்காதீர்கள். 2017இல் கிண்ணியாவில் என்ன நடந்தது என்று நாங்கள் எல்லாரும் கண்டோம். அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அந்தக் கொசு ஆற்றிலும் குளத்திலும் முட்டையிடுவதில்லை, நம்முடைய சாடித் தட்டு, பூ வைக்கிற போத்தல், வெட்டிப்போட்ட ரயர் இவற்றில்தான். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. முட்டை தட்டின் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். என்னைக் கேட்டால் தட்டே வேண்டாம், எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள், மணல் முற்றத்தில் சாடிக்குக் கீழே தட்டு எதற்கு? முட்டையில் இருந்து கொசுவாக ஒரு கிழமை பத்து நாள் போதும், ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வளவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், மழை மாதங்களில் தவறவே கூடாது. பூக்கன்று வைக்கிற நமக்குத்தான் இதில் பொறுப்புக் கூட.

மான். கோட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மானோடு சண்டை பிடிக்க முடியாது தங்கச்சி, அவை நமக்கு முன்னமே குடியிருப்பவை மாதிரித்தான் நடந்துகொள்ளும். பொலித்தீன் பையைத் தின்றுகொண்டு குப்பை மேட்டில் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் செவ்வரத்தை போனாலும் பரவாயில்லை என்றுதான் இருக்கும். செவ்வரத்தை, ரோசா, மல்லிகைத் துளிர் இவைதான் அதற்கு விருப்பம். பால் வடிகிற கன்றுகளை, நந்தியாவட்டை, தேமா, பட்டிப்பூ இவற்றை, எங்கள் பக்கம் மான் மேய்ந்து நான் கண்டதில்லை. அவற்றை வெளிப்பக்கம் நடுங்கள், செவ்வரத்தையை வீட்டுச் சுவரோடு ஒட்டி உள்ளுக்கு. முதல் வருடம் மட்டும் பழைய மீன் வலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் போதும், ஆள் உயரத்துக்கு வந்துவிட்டால் மேலே பூப்பது நமக்கு, கீழே இருப்பது அதற்கு.

கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. சம்பந்தர் ராமேஸ்வரத்தில் நின்றே, கோட்டைக்குள் கோயில் கொண்டிருக்கிற நம்முடைய கோணேசரைப் பாடினார் என்பது மரபு. கடலுக்கு அந்தக் கரையில் நின்று இந்த ஊரைச் சொல்ல வந்தவர் ஒரு பாட்டில் அடுக்கிக்கொண்டு போவது என்ன என்று பாருங்கள், மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை. இந்த மலைக்கு அடையாளமாக இத்தனை பூவை அவர் சொல்லியிருக்கிறார். புன்னை இன்னும் நம் கடற்கரையில் நிற்கிறது, முல்லையை வீட்டில் வைக்கலாம். பூ வேண்டாத செலவு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஊரின் பெயரையே யாரோ அழிக்கிற மாதிரி இருக்கும்.

இப்போது அம்மாவின் வளவு.

வருகிற சனிக்கிழமையே போங்கள். தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வாங்குகிறவர் முதல் வேலையாக டோசரை இறக்கி வளவைத் துப்புரவாக்குவார், அது அவர் பிழை இல்லை, அவருக்கு அது வெறும் பற்றை. போகும்போது ஒரு கூரான கத்தி, பழைய பேப்பர், ஒரு தண்ணீர்ப் போத்தல், இரண்டு உரப்பை கொண்டுபோங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

செவ்வரத்தை, நந்தியாவட்டை இரண்டிலும் பென்சில் தடிப்பில், பச்சையும் இல்லாமல் முற்றலும் இல்லாத கொப்பாகப் பார்த்து, கண்ணுக்குக் கீழே சரிவாக வெட்டி, ஒரு சாண் நீளத்துக்கு எடுங்கள். நுனியில் இரண்டு இலையை விட்டு மற்றதை நுள்ளிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துத் தடி எடுங்கள், நாலு பிடித்தாலே போதும். தேமா என்றால் ஒரு முழக் கொப்பு, அதை உடனே நடக்கூடாது, வெட்டு வாயில் பால் காயும் வரை ஒரு கிழமை நிழலில் சாத்தி வைத்துவிட்டு நடுங்கள், ஈரத்தோடு வைத்தால் அழுகும். மல்லிகையில் தடி தேட வேண்டாம், அடியில் மண்ணைத் தொட்டுக்கொண்டு படர்ந்திருக்கிற கொடிகளைத் தூக்கிப் பாருங்கள், கணுவில் ஏற்கனவே வேர் விட்டிருக்கும், அதை அப்படியே வெட்டிக் கிளப்பலாம். அம்மா பவளமல்லி வைத்திருந்தாரா? கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கலாம் என்று விட்டிருப்பது அந்த ஒரு மரத்துக்குத்தான், தம்பலகாமத்துப் பழைய வளவுகளில் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இருந்தால் அதில் தடி வைத்துப் பிடிக்க வைப்பது கஷ்டம், மரத்தடியில் நாணயம் போலத் தட்டையாக மண்ணிறத்தில் காய் கிடக்கும், பொறுக்கி எடுங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதை.

வெட்டியதை ஈரப் பேப்பரில் சுற்றி அதற்கு மேல் வாழைத்தடல் வைத்துக் கட்டுங்கள், பஸ்ஸில் வெயில் விழாத பக்கம் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டாவது உரப்பையில் அம்மாவின் முற்றத்து மண்ணை அள்ளுங்கள். இது வெறும் ஆசைக்காகச் சொல்லவில்லை, அங்கே இருப்பது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் பக்கத்துக் களிமண், உங்கள் முற்றத்தில் இருப்பது தண்ணீரைப் பிடித்து வைக்காத மணல், ஒரு பங்கு அந்த மண்ணும் ஒரு பங்கு இந்த மணலும் ஒரு பங்கு மக்கின எருவும் கலந்தால் தடி வைக்க அதைவிட நல்ல கலவை கிடையாது. கிணற்றடி நிழலில், பின்னேர வெயில் படாத இடமாகப் பார்த்துச் சற்றுச் சரித்து நட்டு, நாளுக்கு ஒருமுறை கையால் தெளித்தால் போதும். மூன்று நாலு கிழமையில் கணுவில் துளிர் தெரியும், அதற்குள் மழையும் தொடங்கிவிடும், பிறகு நீங்கள் ஊற்றத் தேவையில்லை.

இழுத்துப் பார்க்காதீர்கள், வேர் விட்டிருக்கிறதா என்று அறிகிற ஆசையில் எல்லாரும் ஒருக்கால் இழுப்பார்கள். துளிர் வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று. பிடிக்காமல் போனது நந்தியாவட்டை என்றால் என்னிடம் அடுக்கு நந்தியாவட்டை இருக்கிறது, தடி வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா